முதுகுக்குப் பின்னால் ஒரு பந்து

ராமக்காள் ஓசூர்ப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்தாள். எதிரே எவ்வளவு வேகமாகப் பந்து வந்தாலும் அவளுக்குப் பயமில்லை. பின்னாலிருந்து வருவதுதான் பயம். அந்தப் பயத்தையும் அவளுக்கு உண்டாக்கியவர் அவள் மிகவும் மதித்த ஒருவர்.

எழுபத்தேழாம் வருஷம். ஓசூரைச் சுற்றிப் புதிதாகத் தொழிற்சாலைகள் எழும்பிக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்றின் மேனேஜர் தன் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் செம்மண்ணை இறுக்கி டென்னிஸ் கோர்ட் போட்டார். அரசு ஆஸ்பத்திரிக்கு வந்திருந்த லேடி டாக்டர் ஹசீனா அங்கே விளையாட வருவாள். கிருஷ்ணகிரி ஜவுளி வியாபாரி அப்துல் சுபானின் மகள். மருத்துவக் கல்லூரியில் படிக்கும்போது பழகிய ஆட்டம். கூட ஆட ஒரு பெண் வேண்டுமென்று விசாரித்தபோது ராமக்காளின் பெயரைச் சொன்னார்கள். ஆசிரியப் பயிற்சிக்குப் போன இடத்தில் அவளும் டென்னிஸ் கற்றிருந்தாள். டாக்டர் வெள்ளை சல்வாரிலும் ராமக்காள் கொசுவத்தைத் தூக்கிச் செருகிய வெள்ளைப் புடவையிலும் சாயங்காலங்களில் ஆடினார்கள்.

எதிரே இரண்டு பேர் சேர்ந்தால் இரட்டையர் ஆட்டம். அதில் ஒருத்தி பின்கோட்டிலிருந்து சர்வீஸ் போடும்போது கூட்டாளி முன்னால், வலைக்குப் பக்கத்தில், அவளுக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். டாக்டருடைய சர்வீஸில் பலம் அதிகம், நிதானம் குறைவு. ஒருநாள் அந்தப் பந்து ராமக்காளின் வலது காதுக்குப் பின்னால் பட்டது. கண் இருட்டி, மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். டாக்டர் ஓடிவந்து தலையைப் பிடித்துப் பார்த்தாள். மருந்து எழுதிக் கொடுத்தாள். வீக்கம் வடிந்துவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு, பின்னால் டாக்டர் பந்தைத் தரையில் தட்டும் சத்தம் கேட்டாலே ராமக்காளின் கழுத்து விறைத்துக்கொண்டது. தோள் தானாகக் காதுவரை ஏறிவிடும். உள்ளங்கை வேர்த்து மட்டை வழுக்கும். அவள் யாரிடமும் சொல்லவில்லை.

இந்த நிலையில்தான் மேனேஜர் ஒரு பந்தயம் ஏற்பாடு செய்தார். பெங்களூரிலிருந்தும் மெட்ராஸிலிருந்தும் பரிசுப் பணத்துக்காக ஆடுகிற ஆட்டக்காரர்கள் வந்தார்கள். பெண்கள் இரட்டையரில் மூன்று ஜோடிதான் சேர்ந்திருந்தது. நாலாவது ஜோடி இல்லாவிட்டால் அந்தப் பிரிவையே எடுத்துவிடுவோம் என்றார்கள். ராமக்காளைக் கேட்காமலே டாக்டர் இரண்டு பெயரையும் கொடுத்துவிட்டாள்.

ராமக்காளுக்குச் சோறு இறங்கவில்லை. பட்டுப்பூச்சிப் பண்ணையில் வேலை பார்த்த அவள் கணவன் கிருஷ்ணப்பன் தட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டான்.

"முடியாதுன்னு சொல்லிட வேண்டியதுதானே?"

"எப்படிங்க சொல்றது? அவங்க பந்து பட்டதுனாலதான்னு ஆயிடாதா?"

"பட்டதுனாலதானே?"

அவள் எழுந்து கை கழுவினாள்.

பந்தயத்தன்று கோர்ட்டைச் சுற்றித் தொழிற்சாலை ஆட்கள் குடும்பத்தோடு நின்றார்கள். பெங்களூர் ஜோடியில் ஒருத்தி நெட்டை, இன்னொருத்தி குட்டை. இருவரும் பேசாமல் விளையாடினார்கள். அதுவே ராமக்காளுக்குக் கலக்கமாக இருந்தது. தன் சர்வீஸையாவது அவளால் போட முடிந்தது. டாக்டரின் முறை வந்ததும் வலையருகே போய் நின்றாள். பின்னால் பந்து தட்டும் சத்தம். ஒரு தரம், இரண்டு தரம். பிறகு சத்தம் நின்றது. பந்து இப்போது மேலே போயிருக்கும். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பந்து எங்கோ வெளியே விழுந்தது. அடுத்ததும் வெளியே. டாக்டர் கோட்டுக்குள் ஒன்றுகூடப் போடவில்லை. முதல் செட் ஆறுக்கு ஒன்று என்று போனது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

இடம் மாறும்போது ராமக்காள் தண்ணீர் குடிக்க டம்ளரை எடுத்தாள். ஒரு மடக்குக் குடித்துவிட்டுக் கீழே வைத்தாள்.

"டாக்டரம்மா, ஒன்னு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க டீச்சர்."

"என்னால முன்னாடி நிக்க முடியலீங்க. நீங்க பந்தைத் தூக்கிப் போட்டாலே காது அடைச்சுக்குது. காலு எங்க இருக்குன்னே தெரியறதில்ல."

ஹசீனா முகத்தைத் துடைத்த துண்டை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு மட்டும் பந்தா தெரியுதுன்னு நெனைக்கறீங்க? உங்க தலைதான் தெரியுது. அன்னைக்குக் கொஞ்சம் தள்ளிப் பட்டிருந்தா என்ன ஆயிருக்கும்னு எனக்குத்தான் தெரியும். அதான் எல்லாத்தையும் வெளிய அடிக்கறேன்."

"நான் பின்னால வந்து உங்க பக்கத்துல நின்னுக்கட்டுங்களா? தப்புன்னு சொல்வாங்களா?"

"தப்பில்ல. சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும்ங்க."

இரண்டாவது செட்டில் இருவரும் பின்கோட்டில் பக்கம் பக்கமாக நின்றார்கள். கூட்டம் சிரிக்கத்தான் செய்தது. ஆனால் டாக்டரின் சர்வீஸ் உள்ளே விழ ஆரம்பித்தது. பெங்களூர்ப் பெண்கள் எங்கே அடித்தாலும் இருவரில் ஒருத்தி திருப்பினாள். மூன்றுக்கு மூன்று என்று வந்தபோது சிரிப்பு நின்றிருந்தது.

பயம் மட்டும் போகவில்லை. ஒருமுறை நெட்டைக்காரி பந்தை வலைக்குப் பக்கத்தில் மெல்லத் தட்டிவிட்டாள். ராமக்காள் முன்னால் ஓடி எடுத்தாள். திரும்பி வந்த பந்து அவள் தலைக்கு மேலே பின்னால் போனது. டாக்டர் அதை நோக்கி ஓடிவரும் காலடி கேட்டது. ராமக்காள் மட்டையை விட்டுவிட்டு இரண்டு கையாலும் காதைப் பொத்தி அப்படியே குந்திவிட்டாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. திரும்பிப் பார்த்தால் டாக்டர் மட்டையை ஓங்கியபடி அடிக்காமல் நின்றிருந்தாள். பந்து உருண்டு ஓரமாகப் போய்க்கொண்டிருந்தது. அம்பயர் புள்ளியை எதிர்த்தரப்புக்குக் கொடுத்தார்.

"எந்திரிங்க டீச்சர்," என்றாள் டாக்டர். "நான் அடிக்கல."

அந்த செட் ஆறுக்கு நான்கு. தோற்றார்கள். கை கொடுக்க வந்த நெட்டைக்காரி, ராமக்காள் ஓசூர்ப் பழக்கத்தில் ஆட்டத்தினிடையே கன்னடத்தில் முனகியதைக் கேட்டிருந்தாள் போலும். கன்னடத்திலேயே விசாரித்தாள்: இப்படி இரண்டு பேரும் பின்னால் நின்று ஆட எந்த கோச் சொல்லிக்கொடுத்தார்? பயத்தில் நின்றோம் என்றாள் ராமக்காள். நெட்டைக்காரி அதை வேடிக்கைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுவருஷம் ஹசீனாவைத் தருமபுரிக்கு மாற்றினார்கள். சேலத்தில் ஒரு பந்தயம் என்று ஆள் அனுப்பினாள். இந்தத் தடவை பெயரைக் கொடுக்கவில்லை, கேட்டாள். வருகிறேன் என்று ஏன் சொன்னோம் என்று ராமக்காளுக்கே விளங்கவில்லை. தருமபுரியில் டாக்டரும் பஸ் ஏறி அவளருகே உட்கார்ந்தாள். தொப்பூர்க் கணவாயில் பஸ் இறங்கும்போது ராமக்காள் முன் சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"பயமா இருக்குதுங்களா டீச்சர்?"

"இருக்குதுங்க."

"எனக்கும்தான்," என்றாள் ஹசீனா, ஜன்னல் பக்கம் திரும்பி.

சேலத்தில் ஒரு சுற்று ஜெயித்தார்கள். அப்புறமும் மூன்று நான்கு வருஷம் இருவரும் சேர்ந்து ஆடினார்கள். டாக்டர் சர்வீஸ் போடும்போது ராமக்காள் ஒருநாளும் முன்னால் போய் நிற்கவில்லை.