நான் விழுங்கிய வாக்கியம்

மேடையில் சித்தப்பா தொண்டையைச் செருமினாலே, அடுத்து எந்த வாக்கியம் வரும் என்று எனக்குத் தெரியும். அதை நான் விழுங்கிவிடுவேன் என்பதும் தெரியும்.

வேலித் தகராறில் பக்கத்து வீட்டுக்காரரை வெட்டிக் கொன்றவர் என் சித்தப்பா. தண்டனை முடிந்து வந்தபிறகு கேரள எல்லையில் பாறசாலையைச் சுற்றியுள்ள கிறிஸ்தவச் சபைகளில் அவரைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். மனந்திரும்பியவர் மேடையேறித் தன் பழைய பாவத்தைச் சொல்வது எங்கள் பக்கத்து வழக்கம். பாவம் பெரிதென்றால் கூட்டமும் பெரிது. மேடையில் நின்றால் சித்தப்பாவுக்குத் தமிழ்தான் வரும். நெய்யாற்றின்கரைப் பக்கத்துச் சபைகளுக்கோ மலையாளம் வேண்டும். பள்ளியில் மலையாளம் கற்பிக்கும் நான் பக்கத்தில் நின்று வாக்கியம் வாக்கியமாக மாற்றிச் சொல்வேன்.

வெட்டியது வரைக்கும் சிக்கலில்லை. சாத்தான், கோபம், வெட்டுக்கத்தி எல்லாம் ஜனங்களுக்குப் பழகிப்போனவை, 'ஸ்தோத்திரம்' என்பார்கள். அதன்பிறகுதான் சித்தப்பா செருமிவிட்டு, "அவன் தண்ணி கேட்டான். கெணறு பக்கத்தில உண்டு. நான் குடுக்கல்ல" என்பார். முதல் கூட்டத்திலேயே என் நாக்கு அதைத் தாண்டி, கர்த்தரின் கிருபைக்குப் போய்விட்டது. அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டேன். காப்பாற்றியது குடும்பத்தின் பெயரை.

காஞ்சிரங்குளத்தில் கூட்டம் முடிந்ததும் ஒரு பெண் என்னிடம் வந்தாள். செத்தவரின் மகள், அங்கே வாழ்க்கைப்பட்டவள். அவள் முகத்தில் கோபமே இல்லை. அதுதான் என்னைக் கலக்கியது.

"டீச்சரே, எங்க அப்பா தண்ணி கேட்டத நான் இண்ணைக்குத்தான் கேக்கேன். மலையாளத்தில எதுக்கு அத விட்டிய? என் தம்பி சின்னதிலயே மலையாளத்துக்காரங்க வீட்டில வளந்தவன், தமிழ் தெரியாது. அடுத்த வாரம் செங்கல் ஊருக் கூட்டத்துக்கு அவனக் கூட்டீட்டு வாறேன். அவனும் கேக்கணும்."

வீட்டுக்கு வந்ததும் அந்த வரியை இனிமேல் சொல்லவேண்டாம், அந்தத் தம்பி ஏதாவது செய்துவிட்டால் என்ன செய்வது என்று சித்தப்பாவிடம் கெஞ்சினேன். நான் அதை விட்டுவிடுவது அவருக்கு முதலிலிருந்தே தெரியுமாம். விடும்போதெல்லாம் தனக்கும் ஆசுவாசமாகத்தான் இருந்தது என்றார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "வெட்டினது கோவம்ணு சொல்லலாம் மக்கா. தண்ணி குடுக்காம நிண்ணது நானாக்கும்."

செங்கல் சபையில் அக்காவும் தம்பியும் மூன்றாம் வரிசையில் இருந்தார்கள். சித்தப்பா அந்த வரியைச் சொன்னார். நானும் மலையாளத்தில் சொன்னேன். யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. போதகர் அவசரமாகப் பாட்டைத் தொடங்கிவிட்டார்.

வாசலில் அந்தத் தம்பி எங்களை மறித்தான். அப்பா எவ்வளவு நேரம் தண்ணீர் கேட்டார் என்று மலையாளத்தில் கேட்டான். நான் இருவருக்கும் நடுவில் போய் நின்றேன். ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். சித்தப்பா என்னை விலக்கிவிட்டு, அவனுடைய மொழியிலேயே பதில் சொன்னார்.

"மரிக்குவோளம்."

சாகிற வரைக்கும். அவன் அடிக்கவில்லை, அழவில்லை. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டான்.

அதற்குப் பிறகு எந்தச் சபையும் எங்களைக் கூப்பிடவில்லை. சித்தப்பா மட்டும் ஒவ்வொரு ஞாயிறும் சட்டை மாட்டிக்கொண்டு, இன்றைக்கு எங்கே என்று கேட்கிறார். எங்கும் இல்லை என்று சொல்லும்போது, அந்த வரியை இனிச் சொல்லவேண்டாம் என்று எனக்கு நிம்மதியாக இருக்கிறது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.