என்னால் அடிக்கப்பட்டது

என் மகள் பிளஸ் டூ படித்த வருடம், ஒரு சாயங்காலம் சமையலறை வாசலில் வந்து நின்றுகொண்டு கேட்டாள்.

"அம்மா, பரீட்சையில தப்பா எழுதிட்டா எப்படி அடிக்கணும்?"

"அடிக்கிறதுக்கு என்ன, கோடு போட வேண்டியதுதான்."

"அதான் எப்படிக் கோடு?"

பிறகு அவள் சொன்னதைக் கேட்டுக் குழம்பிப்போனேன். இயற்பியல் மிஸ் ஒரே ஒரு கோடு போதும் என்கிறார். கணக்கு சார் கட்டம் கட்டி உள்ளே பெருக்கல் குறி போடச் சொல்கிறார். ஊரப்பாக்கத்தில் டியூஷன் எடுக்கும் அண்ணா, அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டு அப்புறம் அடி என்கிறார். தமிழ் ஐயாவோ அடிக்கவே கூடாது, யோசித்துவிட்டு எழுது என்கிறார். வொயிட்னர் கூடாது என்பதில் மட்டும்தான் எல்லோருக்கும் ஒரே கருத்து. நான்கையும் ஒரு நோட்டில் வரிசையாக எழுதி வைத்திருந்தாள். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒவ்வொரு மாதிரி அடிப்பதா, அல்லது ஒன்றையே எல்லாவற்றுக்கும் வைத்துக்கொள்வதா என்பதுதான் அவளுடைய சந்தேகம்.

நான் மேற்குத் தாம்பரத்தில் ஒரு பத்திர எழுத்தரிடம் பதினொரு வருடமாக வேலை பார்க்கிறேன். வீடு, மனை வாங்குகிறவர்களுக்குப் பத்திரம் தயார் செய்யும் வேலை. அடித்தல் திருத்தல் என்றால் எங்களுக்கு ஒரே முறைதான். தப்பான சொல்லின் மேல் ஒற்றைக் கோடு போடவேண்டும்; அடியில் இருப்பது படிக்கும்படி தெரியவேண்டும். பக்கத்தில் சரியான சொல்லை எழுதி, ஓரத்தில் கையெழுத்துப் போடவேண்டும். கையெழுத்து இல்லாத திருத்தத்தை யாரும் ஏற்கமாட்டார்கள். உலகத்தில் எனக்குத் திட்டவட்டமாகத் தெரிந்த விஷயங்கள் குறைவு. இது அதில் ஒன்று. அதனால் தைரியமாகச் சொன்னேன்.

"ஒத்தக் கோடு போடு. ஓரத்துல உன் இனிஷியல் போட்டுடு. நீதான் திருத்தினன்னு தெரியணும்ல?"

"இனிஷியலா? யாரும் சொல்லலையே."

"அவங்களுக்குத் தெரியலைன்னா நான் என்ன பண்றது?"

அவளும் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டாள்.

திருப்புதல் தேர்வு முடிந்த வாரம் பள்ளியிலிருந்து போன் வந்தது. வேதியியல் மிஸ் என்னை வரச்சொல்கிறார் என்றார்கள். ஒரு மணி நேரம் பர்மிஷன் கேட்டுக்கொண்டு போனேன். மிஸ்ஸுக்கு என் வயதுதான் இருக்கும். மேஜை மேல் மகளின் விடைத்தாளை விரித்து வைத்திருந்தார்.

"இது என்னம்மா?"

பக்கத்துக்குப் பக்கம் ஓரத்தில் இரண்டு சின்ன எழுத்துகள். எங்கெல்லாம் அடித்திருக்கிறாளோ அங்கெல்லாம். ஒரு திருத்தம்கூட விட்டுப்போகவில்லை. எங்கள் ஆபீஸில்கூட யாரும் இவ்வளவு ஒழுங்காகப் போட்டதில்லை.

"பப்ளிக் எக்ஸாம்ல பேப்பர் யாரோடதுன்னு திருத்துறவங்களுக்குத் தெரியவே கூடாது" என்றார் மிஸ். "பேரு, இனிஷியல், சின்னக் குறி எதுவுமே உள்ள இருக்கக் கூடாது. இருந்தா, யாருக்கோ சிக்னல் குடுக்கிறான்னு நினைப்பாங்க. விசாரணை வரைக்கும் போயிடும். யாரு சொல்லிக்குடுத்தாங்கன்னு மூணு தடவை கேட்டேன். வாயே திறக்கல."

"நான்தான் மிஸ்" என்றேன்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை. "நீங்க எங்க வேலை பாக்கறீங்க?" என்றுதான் கேட்டார். சொன்னேன். "ஓ" என்றார்.

வந்ததற்குத் தெளிவாகக் கேட்டுக்கொண்டு போய்விடலாம் என்று நினைத்தேன். "அப்போ எப்படித்தான் அடிக்கிறது மிஸ்?"

"ஒரே கோடு. பக்கத்துல சரியானதை எழுதணும். அவ்வளவுதான்."

"கணக்கு சார் கட்டம் கட்டச் சொல்றாராமே?"

"அப்படியா சொல்றாரு?" என்று எழுந்து ஆசிரியர் அறைக்குப் போனார். உள்ளிருந்து பேச்சுச் சத்தம் கேட்டது. ஒரு குரல் மேல் இன்னொரு குரல் ஏறியது. யாரோ, "நான் இருபது வருஷமா அப்படித்தான் சொல்றேன்" என்றது காதில் விழுந்தது. மிஸ் திரும்பி வந்தபோது அவர் முகமும் என் முகம் மாதிரியே குழம்பிப்போயிருந்தது.

"நீங்க ஒத்தக் கோடே போடச் சொல்லுங்கம்மா" என்றார். "முழு விடையையும் அடிக்கிறதா இருந்தா, குறுக்கால ஒரு கோடு இழுத்துட்டு, கீழ 'மேற்கண்ட விடை என்னால் அடிக்கப்பட்டது'ன்னு எழுதணும். வேற யாரும் அடிக்கலைன்னு தெரியறதுக்கு."

"எழுதிட்டுக் கையெழுத்து?"

"கையெழுத்து போடக் கூடாது."

"கையெழுத்து இல்லாம 'என்னால்'னா யாரால மிஸ்?"

நான் கேலிக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே புரியவில்லை. அவர் விடைத்தாளை மடித்து வைத்தார். "அப்படித்தான் வழக்கம்" என்றார்.

அன்றிலிருந்து அவள் கையைப் பழைய வழிக்குத் திருப்புவது என் வேலையானது. வேண்டுமென்றே தப்பாக எழுதச்சொல்லி, ஒற்றைக் கோடு போட்டு, ஓரத்தைத் தொடாமல் நகரச் சொன்னேன். நான்கு நாளில் நிஜமாகவே நிறையத் தப்பு எழுத ஆரம்பித்தாள். பயந்துபோய் அந்தப் பயிற்சியை நிறுத்தினேன்.

பொதுத்தேர்வுக்கு அவளுக்கு மாடம்பாக்கம் பக்கம் ஒரு பள்ளியில் மையம் போட்டிருந்தார்கள். வேதியியல் அன்று கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றிருந்தேன். வெளியே வந்தவள் சிரிக்கவில்லை, அழவுமில்லை.

"அம்மா, ஒரு இடத்துல போட்டுட்டேனோன்னு இருக்கு."

"எதை?"

"இனிஷியல்."

"எந்தப் பக்கம்?"

"தெரியல. போட்டேனா, போட வந்து நிறுத்திட்டேனான்னே தெரியல."

செம்பாக்கம் வருகிற வரை ஷேர் ஆட்டோவில் திரும்பத் திரும்பக் கேட்டேன். கேட்கக் கேட்க அவளுக்கு இன்னும் மங்கலானது. மிஸ்ஸுக்குப் போன் போட்டேன். "அவளுக்கே நிச்சயமில்லைன்னா நாம என்ன சொல்ல முடியும்? விட்டுடுங்க" என்றார். நியாயம்தான். ஆனால் விட முடியவில்லை. ஆபீஸில் பத்திரத்தின் ஓரங்களைப் பார்த்தாலே அவள் விடைத்தாள்தான் ஞாபகம் வந்தது. ஒருநாள் ஒரு திருத்தத்தில் கையெழுத்து வாங்க மறந்து, பதிவு அலுவலகத்திலிருந்து பத்திரம் திரும்பி வந்துவிட்டது.

"இன்னாம்மா, ரெண்டு வாரமா ஒரே பேஜாரா கீது உன்கூட" என்றார் எங்கள் பத்திர எழுத்தர். "வூட்ல எதுனா பிரச்சனையா?"

என்னவென்று சொல்வது? கையெழுத்துப் போட்டால் ஒரு பிரச்சினை, போடாவிட்டால் ஒரு பிரச்சினை. "ஒண்ணும் இல்ல சார்" என்றேன்.

தேர்வு முடிவு வந்தது. விசாரணை எதுவும் வரவில்லை. எல்லாப் பாடத்திலும் தேறியிருந்தாள்; வேதியியலில் நினைத்ததைவிடக் கொஞ்சம் குறைவு. அவளுக்கு அது போதும். எனக்குத்தான் தெரிந்தே ஆகவேண்டும் என்றிருந்தது. விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பித்தேன். "மார்க்தான் வந்துடுச்சே, ஏம்மா?" என்று அலுத்துக்கொண்டாலும், நகல் வந்த அன்று அவளும் என் தோளுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தாள்.

பக்கம் பக்கமாக, ஓரம் ஓரமாகப் பார்த்தோம். இனிஷியல் எங்கேயும் இல்லை. மூச்சு விட்டேன். அப்போதுதான் ஒரு இரண்டு மதிப்பெண் கேள்வியில் பூஜ்யம் கண்ணில் பட்டது. மின்கலத்தில் ஆக்சிஜனேற்றம் எந்த முனையில் நடக்கிறது என்று கேட்டிருந்தார்கள். முதலில் 'ஆனோடு' என்று விளக்கத்தோடு எழுதி, அதை ஒற்றைக் கோட்டால் அழகாக அடித்துவிட்டு, பக்கத்தில் 'கேத்தோடு' என்று எழுதியிருக்கிறாள்.

"எது சரி?" என்றேன்.

"அடிச்சதுதான்" என்றாள்.

கோட்டுக்கு அடியில் சரியான விடை ஒரு எழுத்து விடாமல் படிக்க முடிந்தது. மிஸ்ஸுக்கு அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். அடித்த விடைக்கு மார்க் போடமாட்டார்கள் என்று உடனே பதில் வந்தது. பத்து நிமிடம் கழித்து, மறுமதிப்பீட்டுக்குப் போட்டுப் பார்க்கலாம், சிலர் கொடுப்பார்கள் என்று இன்னொரு பதில். கடைசியாக, கணக்கு சார் வேண்டாம் என்கிறார் என்று மூன்றாவது.

மூன்றையும் மகளிடம் காட்டினேன். படித்துவிட்டு போனைத் திருப்பிக் கொடுத்தாள். "விடும்மா. நான் அடிச்சது அடிச்சதுதான்."

"சரியாத்தானே எழுதியிருந்த? ஏன்டி அடிச்ச?"

"தெரியலம்மா. சந்தேகமா இருந்துச்சு. கையில பேனா இருந்துச்சு."

மறுமதிப்பீட்டுக்குப் போடவில்லை. குரோம்பேட்டையில் ஒரு கல்லூரியில் பி.காம். சேர்ந்தாள், அதில் வேதியியல் இல்லை.