வயிறு எழுதிய பரீட்சை

போன ஞாயிற்றுக்கிழமை பள்ளுருத்தியில் நாத்தனார் வீட்டில் குழந்தைக்குப் பெயர் வைத்தார்கள். சாப்பாடு முடிந்ததும் ஆண்கள் புதிதாக வாங்கிய டிவியைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். பெண்கள் நாங்கள் உள்ளறையில் பாய் விரித்தோம். நாத்தனாரின் ஓரகத்தி, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை ஒருவன் பப்படத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட கதையைச் சொன்னாள். அறையே அதிர்ந்தது.

அப்போதுதான் கவனித்தேன். கல்யாணமாகாத பெண்கள் உருண்டு புரண்டு சிரித்தார்கள். பிள்ளை பெற்றவர்கள் — ஒருத்தி பாக்கியில்லாமல் — முதலில் தொடைகளை இறுக்கிச் சேர்த்துக்கொண்டு, பிறகுதான் சிரித்தார்கள். என்ன ஒற்றுமை! யாரும் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. என் மாமியார் மட்டும் சிரிக்கவே இல்லை. அவர் எங்கேயும் சிரிப்பதில்லை. கண்டிப்பான மனுஷி என்று பெயர்.

ஆண் வாசகர்கள் இந்த இடத்தில் பக்கத்தைப் புரட்டி விளையாட்டுச் செய்திக்குப் போகலாம். போகாமல் இருந்தால் நல்லது... இது உங்கள் வீட்டு விஷயம்தான்.

போன வருஷம் எனக்கு மகன் பிறந்தான். வயிற்றில் அவன் ஏழு மாதமாக இருந்தபோதே, எறணாகுளத்து ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டரம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். வெளிநாட்டில் படித்துவிட்டு ஒரு கருவியோடு வந்திருந்தார். விரல் பருமனில் ஒரு ரப்பர் குமிழ், அதிலிருந்து ஒரு குழாய், அதன் முனையில் பிளட் பிரஷர் பார்ப்பதுபோல வட்டமான டயல். கர்ப்பப்பையையும் மூத்திரப்பையையும் அடியிலிருந்து தாங்குகிற தசை ஒன்று இருக்கிறதாம். குமிழை உள்ளே வைத்து அந்தத் தசையை இறுக்கினால் முள் நகருமாம். பிரசவத்துக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை பார்த்தால் தசை எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடுமாம். முதல் அளவை அன்றைக்கே எடுத்துக் குறித்துக்கொண்டார்.

யோசித்துப் பாருங்கள். மிளகைக் கையில் உருட்டியே ஈரம் எவ்வளவு என்று சொல்லிவிடுகிற ஊர் எங்கள் மட்டாஞ்சேரி. பிள்ளையின் எடையைப் பார்க்கிறோம், தாய்ப்பால் போதுமா என்று பார்க்கிறோம், மருமகள் போட்டுக்கொண்டு வந்த நகையையும் பார்க்கிறோம். இதை மட்டும் யாரும் கேட்டதே இல்லை.

பிரசவம் ஆனதும் மாமியார் ராஜ்யம் தொடங்கியது. பேற்று மருந்து, மூலிகை போட்டுக் காய்ச்சிய வேதுத் தண்ணீர்க் குளியல், எல்லாவற்றுக்கும் மேலே வயிற்றுக்கட்டு. மாமனாரின் பழைய வேட்டியை என் வயிற்றில் சுற்றி, முதுகில் முழங்காலை முட்டுக்கொடுத்து இறுக்குவார். எனக்குப் பாதி உயிர் போய்விட்டு வரும். அப்போதுதான் வயிறு தொங்காதாம்.

அந்தக் கட்டோடுதான் இரண்டாவது அளவுக்குப் போனேன். அன்றைக்கு டாக்டரம்மா இல்லை, ஒரு நர்ஸ்தான் டயலைப் பார்த்தார். கட்டை அவிழ்க்கட்டுமா என்று கேட்டார். அவிழ்த்தால் வீட்டில் யார் பதில் சொல்வது? வேண்டாம் என்றேன். சரி, இறுக்குங்கள் என்றார். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை, பிரசவ அறையில் எல்லோரும் சேர்ந்து கத்திக் கற்றுக்கொடுத்ததுதான். மூச்சைப் பிடித்து முக்கினேன். முள் எகிறியது. பிரசவத்துக்கு முன்னால் காட்டியதைவிட அதிகம்!

வீட்டில் ரேங்க் வாங்கிய பிள்ளைக்குக் கிடைக்கிற வரவேற்பு. "நான் கெட்டின கெட்டாக்கும்" என்று மாமியார் பக்கத்து வீட்டுச் சேச்சியிடம் அறிவித்தார். அந்த வேட்டிக்கு அன்றைக்குத் தனியாகச் சோப்பு போட்டுத் துவைத்தார்கள்.

ஆனால் நடந்தது என்ன தெரியுமா? தும்மினால் புடவை நனைந்தது. இருமினால் நனைந்தது. பிள்ளையைத் தூக்கினாலும் நனைந்தது. நான் ஸ்கூல் டீச்சர். லீவு முடிந்தால் நாலாம் வகுப்புப் பிள்ளைகள் முன்னால் நாள் முழுக்க நிற்க வேண்டும். அவர்கள் கண்ணுக்கு எதுவும் தப்பாது. எனக்கோ அந்த வேலை உயிர். ராஜினாமா செய்துவிடலாம் என்று முடிவுகட்டி, சமையலறையில் நின்று அழுதேன். அதையும் மெதுவாகத்தான் அழுதேன்... விம்மினாலும் ஆபத்து.

என் கணவர் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்க்கிறவர். விஷயத்தைச் சொன்னேன். மிகவும் பொறுப்பாக யோசித்துவிட்டு, மீட்டர் ரிப்பேராகத்தான் இருக்கும், தானே வந்து கழற்றிப் பார்ப்பதாகச் சொன்னார். வேண்டாம் சாமி என்று நானே தனியாக ஆஸ்பத்திரிக்குப் படகு ஏறினேன்.

இந்தத் தடவை டாக்டரம்மா இருந்தார். முதல் காரியமாக வேட்டியை அவிழ்க்கச் சொன்னார். என் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டார். மூச்சைப் பிடிக்கக் கூடாது, வயிறு அசையக் கூடாது, மூத்திரத்தைப் பாதியில் நிறுத்துவது போல உள்ளே மேல்நோக்கி இழுக்க வேண்டும் என்றார். இழுத்தேன். முள் லேசாக நடுங்கிவிட்டுப் பேசாமல் படுத்துக்கொண்டது.

"போன தடவை பரீட்சை எழுதினது உங்க வயிறு, டீச்சர்," என்றார் டாக்டரம்மா, மலையாளத்தில். "எழுத வேண்டிய ஆள் ஆப்சென்ட்."

வயிற்றை மேலே இறுக்க இறுக்க, பாரமெல்லாம் கீழே அந்தத் தசையின் தலையில்தான் இறங்குமாம். நான் வேட்டியைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து பயிற்சி. படகில் செய்தேன், ரேஷன் கடை கியூவில் செய்தேன், கணவர் பேசும்போதெல்லாம் செய்தேன். வெளியே யாருக்கும் ஒன்றும் தெரியாது, அதுதான் இதன் சௌகரியம். லீவை நீட்டினேன். முள்ளும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது, முக்காமல். வேட்டிக்கு நேர்ந்த அவமானத்தில் மாமியார் கொஞ்ச நாள் என்னோடு பேசவில்லை. தன்னைப் போல அஞ்சு பிள்ளை பெற்றவளுக்கு எந்த மீட்டர் வைத்தார்கள் என்று சுவரைப் பார்த்துக் கேட்டார்.

வேலைக்குத் திரும்பிய முதல் வாரம், போர்டைத் துடைக்கும்போது சாக்பீஸ் தூள் மூக்கில் ஏறி, வகுப்பே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு தும்மல் போட்டேன். உள்ளே இழுத்தேன். ஒன்றும் ஆகவில்லை! சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைக்குப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கிடையாது.

சரி, போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். விசேஷம் முடிந்து பஸ் ஸ்டாப்புக்கு நடந்தோம். கணவர் பிள்ளையோடு முன்னால் போய்விட்டார். மாமியார் நடையைக் குறைத்தார். எதிர்க் கடையின் போர்டைப் படிப்பது போல நின்றுகொண்டு மெதுவாகக் கேட்டார்.

"அந்த டாக்டரம்மா... அஞ்சு பெத்தவளுக்கும் வெச்சுப் பாப்பாளா?"

இத்தனை வருஷமாக இவர் சிரிக்காததற்குக் காரணம் கண்டிப்பு இல்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் காதருகே போய்ச் சொன்னேன்.

"பாப்பாங்க அத்தே. மாமாவோட வேட்டிய மட்டும் வீட்ல விட்டுட்டு வாங்க."

என் மாமியார் நடுரோட்டில் நின்றார். தொடைகளை இறுக்கிச் சேர்த்துக்கொண்டார். பிறகு சிரித்தார்.