பதிவேட்டில் இல்லாத காலை

“நந்தி மலையில ஒரு மாடு வாலை ஆட்டினாலும் என் பதிவேட்டுல ஒரு வரி விழும். வரி விழலைன்னா, அந்த மாடு வாலை ஆட்டவே இல்லை!”

இப்படி முழங்கியவர் புரோட்டஸ் மகோகா. இடம், எல்டோரெட் பால் கூட்டுறவு ஒன்றியத்தின் கூட்ட அறை. நேரம், சமோசா வந்துவிட்டு சோடா வராமல் இருந்த இடைவெளி. நாற்பத்து மூன்று பால் குளிரூட்டு நிலையங்களின் பொறுப்பாளர்களும் ஒன்றியத் தலைவர் அரப் சோங்கோக்கும் வாயில் சமோசாவோடு இருந்ததால் யாராலும் மறுத்துப் பேச முடியவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு பெண் குரல் மட்டும் கேட்டது:

“ஈ ஓட்ட ஆட்டினதா, சும்மா ஆட்டினதான்னும் விழுமா?”

கேட்டவள் கப்சோயோ நிலையத்தின் செப்டூ. கூட்டம் சிரித்தது. மகோகா சிரிக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து, “அதுக்கும் ஒரு கட்டம் போட்டுடலாம்,” என்று எழுதிக்கொண்டார்.

கட்டம் போடுவது அவருக்குப் பிறவிக் குணம். வெபுயே ஊர்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் அவர்தான் மானிட்டர். ஆசிரியர் வெளியே போனதும் சத்தம் போடுகிறவர்களின் பெயரை எழுதிவைப்பது அந்தப் பதவியின் கடமை. மற்ற மானிட்டர்கள் வெறும் பெயரை எழுதுவார்கள். ஒரு மண்டாஸிப் பலகாரத்தைக் கையில் வைத்தால் பெயரை அடித்துவிடுவார்கள். மகோகாவோ தாளில் நான்கு கோடு கிழித்தார். யார், எப்போது, எந்த பெஞ்சு, என்ன வகைச் சத்தம். வகைகளில் இருமல், சிரிப்பு, சந்தேகத்துக்குரிய அமைதி என்று பல உட்பிரிவுகள். ஆசிரியர் அதைப் படித்து முடிப்பதற்குள் அடுத்த வகுப்புக்கு மணி அடித்துவிடும். அந்த வருடம் அந்த வகுப்பில் ஒருவருக்கும் அடி விழவில்லை. தன் நேர்மையால்தான் எல்லாரும் தன்னை விரும்புகிறார்கள் என்று மகோகா நினைத்துக்கொண்டார். அந்தப் பட்டியலில் ஒருநாளும் இடம்பெறாத பெயர் ஒன்று உண்டு. மானிட்டரின் பெயர்.

முப்பத்தெட்டு வயதில், மாட்டுத் தீவனக் கடைக்கு மேல்மாடியில் இருந்த ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில், பால் ஒன்றியத்தின் செயலிக்கு அவர் பொறுப்பேற்றார். அவருக்கு முன்பு இருந்தவர் அந்தச் செயலியை நாட்குறிப்பு எழுதும் காதலன் போல வளர்த்திருந்தார். தான் செய்வதையெல்லாம் பதிவேட்டில் அது இஷ்டப்படி எழுதும்: “இங்கே வந்துவிட்டேன்” என்று ஒரு வரி. “இங்கேயும் வந்துவிட்டேன்” என்று அடுத்த வரி. பிறகு, “ஐயோ!” அது எந்த நிலையத்து ஐயோ, எந்தக் கேனைப் பற்றிய ஐயோ என்று தேடுவதற்குள் பால் தயிராகிவிடும்.

மகோகா அத்தனை ஐயோக்களையும் ஒரே வாரத்தில் ஒழித்தார். இனி எது நடந்தாலும் ஒரு வரி. எல்லா வரியிலும் அதே கட்டங்கள், அதே வரிசையில். நேரம், நிலையம், கேன் எண், செய்தது, முடிவு. ‘கப்சோயோவில் செவ்வாய்க்கிழமை சோதனையில் தோற்ற கேன்கள் எவை?’ என்று கேட்டால், கேட்ட வாய் மூடுவதற்குள் பதில் வந்துவிடும்.

அதோடு விட்டிருக்கலாம். வேகப் பித்து பிடித்துக்கொண்டது. குமாஸ்தா எழுதி முடிக்கிறவரை வரிசையில் ஆள் நிற்பது போல, பதிவு எழுதும் வரை செயலி காத்திருப்பது அவருக்கு அவமானமாகப் பட்டது. ஆகவே ஓர் ஏற்பாடு செய்தார். செயலி தன் வரியை ஒரு கூடையில் எறிந்துவிட்டு அடுத்த வேலைக்கு ஓடிவிடும். பின்னால் இன்னொரு வேலையாள் கூடையிலிருந்து எடுத்து கணினி வட்டில் நிதானமாக எழுதுவான். வேலையாள் என்றாலும் அதுவும் நிரல்தான்; சாய் குடிக்கப் போகாது.

“ஒரு வரிக்கு ஒரு மைக்ரோ செகண்ட்,” என்பார் மகோகா. “நீங்க கண்ணைச் சிமிட்டறதுக்குள்ள மூணு லட்சம் வரி!” அவரிடம் பேசுகிறவர்கள் கொஞ்ச நாள் கண்ணைச் சிமிட்டவே கூச்சப்பட்டார்கள்.

வீட்டிலும் இதே முறைதான். “எங்கே இருக்கீங்க?” என்று மனைவி நசிமியூ போன் செய்தால், “நேரம் ஏழு இருபது. இடம் வீட்டு வாசல். நிலை பசி,” என்பார்.

“முடிவு: ஊகாலிக் களி ஆறிடுச்சு,” என்பாள் நசிமியூ. “காரணம்: போன்ல பேசிக்கிட்டு நிக்கறவர்.”

ஒன்றியத்துக்கு இவ்வளவு நம்பிக்கை வந்த பிறகு பழைய நோட்டுகள் எதற்கு? லிட்டர் கணக்கு மட்டும் கணக்கேட்டில் பத்திரமாகப் போகும். பாலைச் சோதித்த விவரம் உட்பட மற்றதெல்லாம் மகோகாவின் பதிவேட்டில் மட்டும் இருந்தால் போதும் என்று முடிவானது. காகித நோட்டுகளைக் கிழித்து ஒன்றிய அலுவலகத்தில் மூன்று வாரம் சாய் கொதிக்கவைத்தார்கள்.

மே மாதம் பெருமழை பிடித்தது. ஒரு திங்கட்கிழமை விடியற்காலையில் மலைப்பக்கத்து டவர் படுத்துவிட்டது. நாற்பத்து மூன்று நிலையங்களிலும் பால் வந்துகொண்டுதான் இருந்தது. பொறுப்பாளர்கள் தங்கள் டேப்லெட்டில் அழுத்தியதெல்லாம் போக வழியில்லாமல் அதற்குள்ளேயே சேர்ந்துகொண்டிருந்தது. காலை ஏழு பதினாலுக்கு டவர் கண்விழித்தது. அத்தனை நிலையங்களும் சேர்த்துவைத்ததை ஒரே நேரத்தில் கொட்டின.

அந்த நேரத்தில் மகோகாவின் கையில் சப்பாத்திக் கரண்டி இருந்தது. நசிமியூ வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்ததால் சப்பாத்தியைத் திருப்பிப் போடும் பொறுப்பு அவருக்கு. அவர் அடுப்பு மேடையிலேயே மடிக்கணினியைத் திறந்து, செயலிக்குள் நுழைந்து, வெள்ளம் பாய்வதைப் பார்த்தார். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வரிகள். செயலி ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை.

“பாத்தியா! மூச்சுகூட வாங்கலை!”

“சப்பாத்தியும் வாங்கலை,” என்றாள் நசிமியூ. அது கரியாகியிருந்தது. அவள் அதைப் போனில் படம் எடுத்து, ‘இன்ஜினியர் சமையல்’ என்று தன் தங்கைக்கு அனுப்பிவிட்டு, வெறும் சாய் குடித்துவிட்டுப் போனாள்.

அன்று மாலை தொழிற்சாலையிலிருந்து தகவல் வந்தது. கப்சோயோவிலிருந்து வந்த டேங்கர் பால் முழுக்கப் புளித்துவிட்டது. டேங்கர் பாலத்தருகே சேற்றில் மாட்டி மத்தியானம் வரை கிடந்தது என்று ஓட்டுநர் சொன்னார். டிராக்டர் கட்டி இழுத்தவர்களும் சொன்னார்கள். ஆனால் பதிவேட்டில் சேற்றுக்குக் கட்டம் இல்லை. கேனைச் சோதித்ததற்குத்தான் இருந்தது. அரப் சோங்கோக் அதைக் கேட்டார். அது உடனே சொன்னது: கப்சோயோவில் அன்று சோதித்த கேன் இருபது. கணக்கேட்டின்படி ஊற்றியதோ முப்பத்தொன்று.

சோதிக்காத பாலைத் தொட்டியில் ஊற்றினால் வேலை போகும். செப்டூவுக்கு அது பதினொரு வருட வேலை. நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் வீடும் வேலையோடு சேர்ந்தது. வியாழக்கிழமை விசாரணை.

செவ்வாயன்று தீவனக் கடை மாடிப்படி ஏறி செப்டூ வந்தாள். கையில் ஒரு சுரைக்குடுவை நிறைய முர்சிக் இருந்தது. எங்கள் பக்கத்தில் கரி தடவிய குடுவையில் பாலை இப்படி வேண்டுமென்றே புளிக்கவைத்துக் குடிப்போம்; வேண்டாமல் புளித்தால்தான் விசாரணை.

“இன்ஜினியர், வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?”

“சௌக்கியம், கிப்ருட்டோம்மா.” மகன் பெயரைச் சொல்லித்தான் எல்லாரும் செப்டூவை அழைப்பார்கள்.

“மாடு?”

“மாடு இல்லை.”

“மாடு இல்லாம அது என்ன சௌக்கியம்?” என்று உட்கார்ந்தாள். “சரி, கேளு. முப்பத்தொரு கேன் வந்துச்சு. முப்பத்தொண்ணுலயும் கொஞ்சம் பால் எடுத்து, ஸ்பிரிட்டு ஊத்தி, குலுக்கி, திரியுதான்னு பாத்துத்தான் தொட்டியில கொட்டினேன். ஒவ்வொண்ணுக்கும் உன் பலகையில அழுத்தினேன்.”

“பதிவேட்டுல இருபதுதான் இருக்கு.”

“அப்ப அது பொய் சொல்லுது.”

“அதுக்குப் பொய் சொல்லத் தெரியாதும்மா.”

“எனக்குத் தெரியும்ங்கறியா?”

“நான் அப்படிச் சொல்லலை. ஆனா வரி இல்லைன்னா...”

“நடக்கலை. சமோசா தின்னுக்கிட்டே கேட்டேனே! அந்தப் பதினோரு கேனையும் தூக்கின இடுப்பு ரெண்டு நாளா வலிக்குது. வலியும் நடக்கலையா?”

அவருக்கு எரிச்சலை விட இரக்கம்தான் வந்தது. தெரியாத ஜனம், கண்ணால் பார்த்தால் புரிந்துகொள்ளும். மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பினார். “பாருங்க. திங்கட்கிழமை காலையில நானே உள்ளே நுழைஞ்சு பாத்துக்கிட்டு இருந்தேன். யார் நுழைஞ்சாலும் ஒரு வரி விழும். ஏழு பதினாலு, மகோகா. இதோ காட்டறேன்.”

தேடினார். இல்லை. பெயரை மறுபடி தட்டித் தேடினார். பதிவேட்டின்படி புரோட்டஸ் மகோகா திங்கட்கிழமை காலையில் எங்கும் நுழையவில்லை.

மனைவிக்கு போன் செய்தார். “நசிமியூ, திங்கட்கிழமை காலையில நான் என்ன பண்ணிக்கிட்டு இருந்தேன்?”

“சப்பாத்தியைக் கருக்கிக்கிட்டு இருந்தீங்க. இல்லைன்னு சொல்லப் போறீங்களா? சாட்சி இருக்கு.”

படம் வந்து விழுந்தது. ஏழு பதினாறு. முன்னால் கரிய வட்டமாகச் சப்பாத்தி. பின்னால் மடிக்கணினித் திரை, அதன் மூலையில் அவருடைய பெயர்.

செப்டூ எட்டிப் பார்த்தாள். “பாவம், நல்ல சப்பாத்தி,” என்றாள். பிறகு, “அப்ப நீயும் நடக்கலையா?”

அவள் போன பிறகு மகோகா தன் நிரலைத் திறந்தார். வேகத்துக்காகச் செய்த அந்தக் கூடை ஆயிரத்து இருபத்துநான்கு வரி கொள்ளும். அது நிறைந்துவிட்டால் என்ன செய்வது என்று ஓரிடத்தில் எழுதியாக வேண்டும். அங்கே, ‘நிறைந்திருந்தால் புதிய வரியைக் கீழே போட்டுவிடு’ என்று இருந்தது. பக்கத்தில், இதைப் படிக்கப்போகும் நிரலாளருக்காக ஒரு குறிப்பு: ‘இது ஒருபோதும் நடக்காது.’ எழுதியவர் பெயர், தேதி, நேரம் எல்லாம் ஒழுங்காக இருந்தன. பெயர் அவருடையதுதான்.

செயலிக்கு ஏன் மூச்சு வாங்கவில்லை என்று இப்போது விளங்கியது. சுமையைப் போட்டுவிட்டு ஓடுகிறவனுக்கு ஏன் மூச்சு வாங்கப்போகிறது?

மற்ற நிலையங்களின் லிட்டர் கணக்கையும் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அன்று காலை பத்தொன்பது நிலையங்களில் சோதனை வரிகள் குறைந்திருந்தன. அங்கெல்லாம் பால் புளிக்காததால் யாரும் கேட்கவில்லை. இதை அறிந்தவர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான். பேசாமல் இருந்துவிட்டால் செப்டூ வீட்டைக் காலி செய்வாள். பதிவேட்டின் மானம் பிழைக்கும். அந்த யோசனையோடு அவர் ஒரு சாய் முழுக்கக் குடித்து முடித்தார் என்பதை மறைப்பதற்கில்லை. குடித்து முடித்ததும், செப்டூ வைத்துவிட்டுப் போன குடுவை மேசையில் இருப்பதைப் பார்த்தார். டம்ளரைத் தள்ளிவைத்துவிட்டு மறுபடி நிரலைத் திறந்தார்.

வியாழக்கிழமை அதே கூட்ட அறை. சமோசா இல்லை. மகோகா முழங்கவில்லை. பழைய நிரலை அப்படியே ஓடவிட்டு, ஒரு பொய்த் திங்கட்கிழமையை உண்டாக்கினார். நாற்பத்து மூன்று நிலையங்கள், ஒரே நேரத்தில் இரண்டாயிரத்து அறுநூறு வரிகள். கீழே விழுவதை எண்ண மட்டும் ஓர் எண்ணியை வைத்திருந்தார். முதல் தடவை முந்நூற்று எண்பத்தெட்டு விழுந்தது. இரண்டாம் தடவை நானூற்று முப்பத்தொன்று. விழுந்தவை வேறு வேறு நிலையங்களுடையவை.

அரப் சோங்கோக் கண்ணாடியைக் கழற்றினார். “அப்ப ஒவ்வொரு தடவையும் வேற வேற ஆளை வேலையை விட்டுத் துரத்தணுமா?”

“ஆமா, பெரியவரே.”

“திங்கட்கிழமை நிஜமா எத்தனை விழுந்துச்சு?”

“தெரியாது.”

மகோகாவின் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து யாரும் கேட்டதில்லை. பெரியவர் அது இன்னொரு தடவை வருமா என்று சற்றுக் காத்திருந்தார். “கிப்ருட்டோம்மா சோதிச்சாங்களா, இல்லையா?”

“அதுவும் என் ஏட்டுக்குத் தெரியாது, பெரியவரே. அவங்களைக் கேளுங்க. அந்த டிரைவரையும் கேளுங்க.”

கேட்டார்கள். டிரைவர் சேற்றை முழங்கால் வரை காட்டி நடித்தார். செப்டூவின் மேல் இருந்த புகாரை அரப் சோங்கோக் கிழித்தார். வெளியே போகும்போது செப்டூ மகோகாவிடம், “குடுவையைக் கழுவி அனுப்பு. அது என் மாமியாரோடது,” என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த வாரம் சோதனை விவரங்கள் கணக்கேட்டுக்குப் போயின. அது மெதுவான ஏடு. எழுதி முடிக்கிறவரை செயலியை நிற்கவைக்கும். மகோகா அதைச் சகித்துக்கொண்டார். தன் வேகமான பதிவேட்டை மற்றவற்றுக்காக வைத்துக்கொண்டார். ‘இது ஒருபோதும் நடக்காது’ என்ற குறிப்பை அழித்தார். அந்த இடத்தில் என்ன எழுதினார் என்று கம்பெனியில் யாரும் கவனிக்கவில்லை.

ஜூன் மாதம் ஒரு காலையில் டவர் மறுபடி படுத்து எழுந்தது. அன்றைய பதிவேட்டில், ஆயிரக்கணக்கான வரிகளுக்கு நடுவே, அதே கட்டங்களில், அதே வரிசையில் ஒரு வரி இருந்தது:

நேரம்: 6:52. நிலையம்: அனைத்தும். கேன் எண்: தெரியாது. செய்தது: எழுதாமல் விட்ட வரிகள், பதினேழு. முடிவு: பிழை; பிழை செய்தவர் பெயர் புரோட்டஸ் மகோகா.