வலிக்காத கால்

என் அக்காவின் கணவர் தொழிற்பேட்டைக் கம்பெனிகளுக்கு ஆள் அனுப்பும் கான்ட்ராக்டர். எல்லோரையும் அதட்டியே பழகியவர். சர்க்கரை இருக்கிறது என்று டாக்டர் சொன்னபோது, தன் ரத்தமும் அதட்டினால் அடங்கிவிடும் என்று நினைத்துக்கொண்டார்.

மாத்திரையை ஒரே மாதத்தில் நிறுத்தினார். அத்திப்பள்ளியில் யாரோ விற்ற வேர்ப்பொடியை வெந்நீரில் கலந்து குடித்தார். பொடி குடிப்பதால் இனிப்புக்கும் தடையில்லை என்பது அவர் கண்டுபிடிப்பு. எனக்கும் சர்க்கரை உண்டு. ஒழுங்காக மாத்திரை போடுகிறவள். அவர் வீட்டுக்குப் போனால் நாலு பேர் முன்னால்தான் விசாரிப்பார்.

“என்னா பாப்பா, இன்னும் அந்த மாத்திரைய முழுங்கிக்கினுதான் இருக்கறியா? என்னப் பாரு, கல்லு மாதிரி இருக்கறேன்.”

போன கோடையில் கெலவரப்பள்ளிப் பக்கம் ஒரு புது ஷெட் வேலையைப் பார்த்துவிட்டு மாலையில் வந்து உட்கார்ந்தார். நானும் அங்கே இருந்தேன். அக்கா ஷூவைக் கழற்றினாள். ரத்தத்தில் ஊறிய சாக்ஸ் பாதத்தோடு ஒட்டியிருந்தது. உள்ளேயிருந்து ஒரு ஜல்லிக்கல் விழுந்தது.

“ஏங்க, நாளெல்லாம் இதும்மேலயா நடந்தீங்க?”

“வலிக்கவே இல்லடி. தெம்பு இருக்கற உடம்புக்கு இதெல்லாம் தெரியாது.”

என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவ்வளவு பெருமை.

அது தெம்பு இல்லை. வருஷக்கணக்கில் ரத்தத்தில் மிதமிஞ்சிக் கிடக்கும் சர்க்கரை நரம்புகளை அரிக்கும். நரம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் நுண்ணிய குழாய்களையும் கெடுக்கும். பாதத்துக்குப் போவதுதான் மிக நீளமான நரம்பு. அதனால் முதலில் மரத்துப்போவது பாதம்தான். சொன்னேன். கம்பெனிக்குப் போகிற பொம்பளைக்கு வாய் நீளம் என்றார்.

புண் பழுத்து நாற்றமெடுத்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தார். டாக்டரம்மா அவரைக் கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் இழை ஒன்றைக் கையில் எடுத்தார்.

“இதால பாதத்தைத் தொடுவேன். தெரிஞ்சா சொல்லுங்க.”

பாதம் முழுக்கத் தொட்டார். இவர் வாயே திறக்கவில்லை. டாக்டரம்மா கையை எடுத்த பிறகு, “ஆங், தெரியுது, நல்லாத் தெரியுது” என்றார்.

“இப்ப நான் தொடவே இல்லீங்க.”

நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டாள். அக்கா சுவரைப் பார்த்தாள். பரிசோதனையில்கூடப் பொய் சொல்லித் தேறப் பார்த்த அந்த மனிதரைக் கண்டு எனக்கு இரக்கம் வரவில்லை. அருவருப்புதான் வந்தது.

இரண்டு விரல்களை எடுத்தார்கள். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், “ஷூ சரியில்ல, அதான் இப்படி ஆயிருச்சு” என்கிறார். தினமும் அக்காதான் புண்ணைக் கழுவிக் கட்டுகிறாள், இன்சுலினும் போடுகிறாள். கொஞ்சம் தாமதமானால் அவளை அதட்டுகிறார். இப்போது சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. அது பொடியின் வேலையாம். விடாமல் குடிக்கிறார், மற்றவர்களுக்கும் வாங்கித் தருகிறார்.

நான் இன்னும் அந்த வீட்டுக்குப் போகிறேன். அக்காவைப் பார்க்க.