யாருக்கு CALL?

பழைய வீடியோ கேம் மெஷின் திருத்துகிற எனக்கு, சிப்புக்குக் கட்டளை எழுதும் அசெம்ப்ளி மொழி படிக்க ஆசை வந்ததும், Z80 சிப்பா 6502 சிப்பா முதலில் என்று இந்தக் குழுவில் உங்களை நச்சரித்ததும் தெரியும்தானே. பள்ளிக்கூடத்தை இடையில் விட்டவனுக்கு Z80 படிக்கச் சுகம் என்றீர்கள். நம்பி அதன் பாடத்தில் நாலு பக்கம் பிரின்ட் எடுத்தேன்.

இன்று வெள்ளவத்தைக்கு வரும்போது கொள்ளுப்பிட்டி ஆமிச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கினார்கள். வெயிலென்றால் அப்படி வெயில். எனக்கு முன்னால் நின்ற அக்காவின் பையில் கருவாடு. ஆமிக்காரர் திறந்த வேகத்திலேயே மூடிவிட்டார்.

என் பையில் அந்தப் பேப்பர். அடையாள அட்டையில் யாழ்ப்பாணம்.

"மே மொனவத? என்ன இது?"

"கோட், சேர்" என்றேன். சொன்ன பிறகுதான், இரகசியக் குறியீட்டுக்கும் அதே சொல்தான் என்று விளங்கியது.

தங்கள் பெரிய அதிகாரியைக் கூப்பிட்டார்கள். அவர் ஒரு வரியில் விரலை வைத்தார். CALL 2417.

"யாருக்கு கோல்? யார் நம்பர்?"

"ஒருத்தருக்கும் இல்ல சேர். மெஷின் தனக்குள்ளயே கூப்பிடுறது."

"மெஷின் கதைக்குதா? சரி, இப்ப நீ கதை!"

பஸ் போய்விட்டது. அந்த நம்பருக்கு அடித்தும் பார்த்தார்கள். அப்படி ஒரு இலக்கம் இல்லையென்று போன் மூன்று மொழியிலும் சொன்ன பிறகுதான் என்னை விட்டார்கள். பேப்பரை விடவில்லை.

வீட்டுக்கு வந்து பார்த்தால், 6502-இல் CALL என்ற சொல்லே கிடையாது. அதே வேலைக்கு JSR என்று போடுவார்களாம். அதையே படிப்போம் என்று பிரின்ட் எடுக்க வெளிக்கிட்டவன் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

JSR எந்தப் போராளி இயக்கம் என்று ஆமி கேட்டால் நான் என்ன சொல்வது? தெரிந்தவர்கள் எழுதுங்கள். அதுவரைக்கும் நான் வீட்டுக்குள்தான்.