நோட்டில் எழுதாத சோறு

எனக்கு அப்போது முப்பத்திநாலு வயது. எடை நூற்று நாற்பத்தாறு கிலோ. உடம்பு வாகு, பரம்பரை, நீர்க்கட்டு என்று ஆளுக்கொரு காரணம் சொல்லி வைத்திருந்தேன். எல்லாம் பொய். தின்றேன், பெருத்தேன்.

அந்த எடையைக் கண்டுபிடித்த விதமே கேவலம். எழுபதுகளின் கடைசி. கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைகள் வரத் தொடங்கியிருந்தன. அதில் ஒன்றில் ஸ்டோர் கிளார்க்காக இருந்தேன். ஒருநாள் இரண்டு இரும்பு ராக்குகளுக்கு நடுவில் போல்ட் பெட்டி எடுக்கப் போய்ச் சிக்கிக்கொண்டேன். லோடு ஏற்றுகிறவர்கள் இரண்டு பேர் ராக்கைச் சாய்த்துப் பிடித்து என்னை வெளியே இழுத்தார்கள். கண் இருட்டி உட்கார்ந்துவிட்டேன்.

வாரத்துக்கு இரண்டு நாள் வரும் கம்பெனி டாக்டர் பிரஷர் பார்த்தார், சிறுநீரில் சர்க்கரை பார்த்தார். "இப்படியே போனா நீங்க நாப்பதைத் தாண்ட மாட்டீங்க. மெட்ராஸ்ல ஒரு சர்ஜன் இருக்கார், வெளிநாட்டுல படிச்சவர். இளைக்கறதுக்கே ஆபரேஷன் பண்றார். லெட்டர் தரேன். எடை என்ன?" என்றார். அவர் தராசில் முள் கடைசிக் கோட்டில் போய் முட்டிக்கொண்டு நின்றது. ஆகவே சரக்கு நிறுக்கும் தராசுக்குப் போகச் சொன்னார்.

"ஏறு சாமி, இன்னாத்துக்கு வெக்கம்? நேத்து இதுல ஒரு மோட்டாரையே ஏத்தனோம்" என்றான் என்னை இழுத்தவர்களில் ஒருவன்.

"செருப்பைக் கழட்டிடட்டுமா?" என்றேன்.

"கழட்டினா மட்டும் இன்னா கொறயப் போவுது?"

இன்னொருவன் எடைக்கல்லைத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். "எய்திக்க, நூத்தி நாப்பத்தாறு. சாமி, இது நெட் வெயிட்டா, கிராஸ் வெயிட்டா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அவர்கள் சிரித்ததைவிட நான் சிரித்ததுதான் இன்றைக்கும் எரிகிறது.

எங்கள் குடும்பம் திருவள்ளூரில் பெருமாளுக்குத் தளிகை, அதாவது நைவேத்தியச் சமையல், செய்கிற குடும்பம். அண்ணா முழு நேரமும் கோயில் மடைப்பள்ளியிலேயே இருந்தான். எங்கள் முறை வரும் மாதங்களிலும் உற்சவ நாட்களிலும் நானும் அடுப்படியில் நிற்பேன். மற்ற நாட்களில் பெரியபாளையம் வழியாக பஸ்ஸில் போய் வேலை பார்த்துவிட்டு, சாயங்காலம் இறங்கியதும் நேரே கோயிலுக்குப் போய்க் குளித்து, எங்களுக்கு உண்டான பிரசாதப் பங்கை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவேன்.

சர்ஜனை முதல் முறை பார்க்கத் தனியாகத்தான் போனேன். ரயிலில் செவ்வாப்பேட்டையில் ஏறிய ஒரு பூக்காரம்மா என் பக்கத்தில் பாதி உட்கார்ந்து பாதி தொங்கினாள். "நைனா, ரெண்டு டிக்கெட்டு எடுத்துக்கினு வந்தியா?" என்றாள். ஆவடி வரைக்கும் நின்றுகொண்டு போனேன்.

சர்ஜன் நல்ல மனிதர். ஒரு காகிதத்தில் பென்சிலால் வயிற்றையும் குடலையும் வரைந்து காட்டினார். இரண்டு வழி இருக்கிறது என்றார்.

ஒன்று, சிறுகுடலில் பெரும்பகுதியை ஒதுக்கிவிட்டு, தலைப்பையும் வாலையும் இணைப்பது. சாப்பிடுவதைச் சாப்பிடலாம், ஆனால் உடம்பில் ஒட்டாது. மளமளவென்று இளைக்கும். "விலை என்னன்னா, ஒரு நாளைக்கு எட்டு தடவை, பத்து தடவை வயித்தால போகும். சில பேருக்கு அது நிக்கறதே இல்லை. சுண்ணாம்புச் சத்து நிக்காது. கிட்னியில கல்லு வரும். ஈரல் கெட்டுப்போனவங்களும் இருக்காங்க. வெளிநாட்டுல இதைப் பண்ணிட்டு, திரும்பப் பிரிச்சு ஒட்டவும் ஆரம்பிச்சுட்டாங்க."

இன்னொன்று, இரைப்பையின் மேல்பக்கம் ஒரு எலுமிச்சம்பழ அளவு மட்டும் விட்டு, மீதியைத் தடுத்து, நடுவில் சின்னத் துவாரம் வைப்பது. அரை டம்ளருக்கு மேல் உள்ளே போனால் வாந்தி. எடை மெதுவாகக் குறையும். குடலுக்கு ஆபத்து குறைவு. "ஆனா இது கட்டுப்பாடா இருக்கறவங்களுக்குத்தான். இனிப்பு, குழைஞ்ச பண்டம், பாயசம் இதெல்லாம் வழுக்கிக்கிட்டு உள்ள போயிடும். நாள் பூரா கொஞ்சம் கொஞ்சமா அதைச் சாப்பிட்டா ஒரு கிலோ குறையாது. கத்தி பட்டதுதான் மிச்சம்."

இரண்டையும் அவரே செய்தது விரல்விட்டு எண்ணக்கூடிய பேருக்குத்தான் என்றும், இருபது வருஷம் கழித்து என்ன ஆகும் என்று தனக்குத் தெரியாது என்றும் சொன்னார். அதை மறைக்காமல் சொன்ன டாக்டரை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

"உங்களுக்கு எதுன்னு நீங்க சாப்பிடற விதம்தான் சொல்லணும். ஒரு மாசம், வாயில போடறது அத்தனையும் ஒரு நோட்டுல எழுதிக்கிட்டு வாங்க."

வீட்டுக்கு வந்து அண்ணாவிடம் சொன்னேன். முதல் வழியைக் கேட்டதும் கையை உதறினான். "பத்து தரம் கொல்லைக்குப் போறவன் மடைப்பள்ளி வாசப்படியை மிதிக்க முடியுமாடா? ஒவ்வொரு தரமும் குளிச்சுட்டு வருவியா? உன் முறையை வேற எவனுக்காவது எழுதிக் குடுத்துட்டுப் போ."

அப்போதே நான் முடிவு செய்துவிட்டேன், இரண்டாவதுதான் என்று. அதற்கு நான் கட்டுப்பாடான ஆள், இனிப்புத் தின்னாதவன் என்று அந்த நோட்டு சொல்ல வேண்டும். சொல்ல வைத்தேன்.

இதில் ஒரு விஷயம் விளக்க வேண்டும். எங்கள் வீடுகளில் பிரசாதம் சாப்பாட்டில் சேராது. தொன்னை நிறையப் பொங்கலை வழித்து வாயில் போட்டுக்கொண்டே "இன்னும் சாப்பிடலை" என்போம். கேட்கிறவர்களுக்கும் அது பொய்யாகத் தோன்றாது. தளிகை வேறு, பசி வேறு. சாயங்காலம் எனக்குக் கிடைத்த பங்கில் புளியோதரை உண்டு, தயிர்சாதம் உண்டு, உபயம் செய்கிறவர்கள் இருந்தால் நெய் சொட்டும் சர்க்கரைப் பொங்கல் உண்டு. அனேகமாக தினமும் யாராவது உபயம் செய்தார்கள். மூன்று பேர் சாப்பிடுகிற அளவு அது. வீட்டுக்கு வந்து சேர்வது ஒரு ஆளுக்கு.

நோட்டில் நான் அதை எழுதவில்லை. காலை இரண்டு இட்லி, மத்தியானம் ஒரு கரண்டி சாதம், சாத்துமுது என்கிற ரசம், ராத்திரி மோர். ஒவ்வொரு வரியும் உண்மை. "சாப்பிட்டது" என்றுதானே கேட்டார், பிரசாதத்தைக் கேட்கவில்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தெரியாமல் செய்த தப்பு என்று இதைப் பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். தெரியாமல் இல்லை. ஒருநாள் பென்சில் 'ச' வரைக்கும் போய் நின்றது. ரப்பர் எடுத்து அழித்தேன்.

மறுமுறை என் மனைவியும் வந்தாள். சர்ஜன் நோட்டைப் புரட்டினார். "இவ்வளவுதான் சாப்பிடறீங்களா? எடை ஒண்ணும் குறையலையே... சரி, சில உடம்பு அப்படித்தான். இவ்வளவு கட்டுப்பாடு இருக்கறவருக்கு இரைப்பை ஆபரேஷன் போதும். அடுத்த மாசம் சேர்ந்துடுங்க" என்று காலண்டரைப் பார்த்தார்.

என் மனைவி அதுவரை வாய் திறக்கவில்லை. தயங்கித் தயங்கிக் கேட்டாள். "டாக்டர், ஆபரேஷனுக்கு அப்பறம் கோவில் பிரசாதம் சாப்பிடலாமா?"

"தாராளமா. உள்ளங்கையில துளி."

"துளியா?" அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இவர் தினம் சாப்பிடறதைப் பாத்தேள்னா..." என்று இரண்டு கையையும் சேர்த்துக் குவித்துக் காட்டினாள். அவளுக்குச் சூது தெரியாது. நோட்டில் என்ன எழுதியிருக்கிறேன் என்று அவள் பார்த்ததும் இல்லை.

"வாயை மூடுடி!" என்று கத்தினேன்.

வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள் குவித்த கையை அப்படியே மடியில் இறக்கினாள்.

"தினமும் என்ன சாப்பிடறார்ம்மா?" என்று சர்ஜன் அவளிடமே கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நானே சொன்னேன், குற்றவாளி போல ஒவ்வொன்றாக. கடைசியில், "அது சாப்பாட்டுல சேராது சார்" என்றேன்.

"பொங்கல்தானே? பச்சரிசி, வெல்லம், நெய்தானே?"

"ஆமா சார்."

அவர் நோட்டை மூடி என் பக்கம் தள்ளினார். கோபப்படவில்லை. "இதை நம்பி நான் உங்க வயித்தைக் கிழிச்சிருப்பேன். வாந்தி எடுத்துக்கிட்டே பொங்கல் சாப்பிட்டிருப்பீங்க. தையல் விட்டிருந்தா செத்திருப்பீங்க. இன்னும் ஒரு மாசம் தரேன். இப்பவே ஆபரேஷன் ஆயிட்டதா நினைச்சு இருங்க. பிரசாதம் துளிதான். முடிஞ்சா இரைப்பை. முடியலைன்னா வந்து முடியலைன்னு சொல்லுங்க, குடல் ஆபரேஷனைப் பத்தி யோசிப்போம். எதுவா இருந்தாலும் உண்மையைச் சொல்லணும்."

திரும்பும்போது ரயிலில் அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். வேப்பம்பட்டு தாண்டியதும், "நோட்டு விஷயம் எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா சொல்லியிருக்க மாட்டேன்" என்றாள். மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான். "சரி விடு" என்று பெரிய மனது பண்ணினேன்.

அன்று சாயங்காலம் கோயிலில் உள்ளங்கையை நீட்டினேன். அண்ணா தொன்னையைத் தந்தான். "துளி போதும்" என்றேன்.

"பெருமாள் பிரசாதத்தை வேண்டாங்கறியா?"

"வேண்டாங்கலை. துளி போதும்கறேன்."

"பாருங்கோ ஸ்வாமி, தொழிற்பேட்டைக்குப் போனதும் ஐயாவுக்குப் பெருமாள் கசக்கறார்!" என்று வரிசையில் நின்றவர்களிடம் சொன்னான். ஒருவர் சிரித்தார். நான் துளியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பதினோரு நாள் அப்படி இருந்தேன். நான்கு கிலோ இறங்கியது. தராசடியில் லோடு ஏற்றுகிறவர்கள் கைதட்டினார்கள். பன்னிரண்டாம் நாள் யாரோ பிள்ளைக்கு வேலை கிடைத்ததென்று பெரிய உபயம். நான் தொன்னையை வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டு வாங்கினேன். கோயில் குளத்தின் தெற்குப் படி ஓரமாக, மனிதர்கள் ஒன்றுக்கு ஒதுங்குகிற இடத்தில் நின்றுகொண்டு, சூடு ஆறுவதற்குள் விழுங்கினேன். பக்தியும் இல்லை, பசியும் இல்லை. விரலில் ஒட்டிய நெய்யை வேட்டியில் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். மறுநாளும் அதே இடம். அதற்கடுத்த நாளும்.

வீட்டில் அவள் எனக்கு அரை டம்ளர் அளந்து வைத்துக்கொண்டிருந்தாள். நான் கஷ்டப்படுகிறேனே என்று தானும் ராத்திரி மோரோடு நிறுத்திக்கொண்டாள்.

சர்ஜனைப் பார்க்க வேண்டிய நாள் வந்தது. என்னால் முடியவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் திட்டியிருக்க மாட்டார். ஆனால் அவள் முன்னால் சொல்ல வேண்டும். காலையில் கோயிலில் வேலை இருக்கிறது, நீ நேரே ஸ்டேஷனுக்கு வந்துவிடு என்று அவளிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். கோயிலுக்கும் போகவில்லை, ஸ்டேஷனுக்கும் போகவில்லை. கும்மிடிப்பூண்டி பஸ் ஏறி வேலைக்குப் போய்விட்டேன்.

அவள் எனக்கு மாற்று வேட்டி, வெந்நீர் பிளாஸ்க் எல்லாம் பையில் வைத்துக்கொண்டு பிளாட்பாரத்தில் மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்திருந்தாள். எனக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று பயந்து கோயிலுக்கு ஓடியிருக்கிறாள். அண்ணா, "காலையிலேர்ந்து வரலையே. சாயங்காலம் ரெண்டு தொன்னை வாங்கத்தான் வருவான்" என்றிருக்கிறான்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் சாதம் வடித்துக்கொண்டிருந்தாள். முழுச் சாதம்.

"சாப்பிட்டுண்டுதான் இருந்தேளா?" என்றாள்.

"வேலையில அவசரம். ஆள் அனுப்ப முடியலை" என்றேன்.

அவள் இலையைப் போட்டாள். எவ்வளவு வேண்டும் என்று கேட்கவில்லை.

நான் திரும்ப அந்த சர்ஜனிடம் போகவில்லை. கேட்டவர்களிடமெல்லாம், "ரெண்டு ஆபரேஷனையும் நன்னா விசாரிச்சேன். ஒண்ணுல ஈரல் போயிடும், ஒண்ணுல வாழ்நாள் பூரா வாந்தி. லாப நஷ்டம் பாத்து வேண்டாம்னு விட்டுட்டேன்" என்று சொன்னேன். புத்திசாலித்தனமாக இருந்தது. கம்பெனி டாக்டர்கூட, "யோசிச்சு எடுத்த முடிவுதான்" என்றார். அப்படி நான் சொல்லும்போது சில சமயம் அவளும் பக்கத்தில் இருப்பாள். குறுக்கே ஒரு வார்த்தை பேசமாட்டாள். வாயை மூடு என்று நான்தானே சொன்னேன்.